அம்மாச்சி, எறும்புக்கு மூக்கு எங்கே?

போன மாசி மாதம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளைக்குப் பாலம் கட்டுகிற கம்பெனியில் வேலை. எட்டு மாதம் ஓர் ஊர், பத்து மாதம் இன்னோர் ஊர் என்று மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டே இருப்பார்கள். பேத்திக்கு ஐந்து வயது. வருஷத்துக்கு ஒரு பள்ளிக்கூடம், புது மிஸ், புது யூனிபார்ம் என்று குழந்தையை எதற்கு அலைக்கழிக்க வேண்டும், ஒன்றாம் வகுப்பு வரைக்கும் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று மகள் முடிவு செய்துவிட்டாள். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமும் 6 வயதிலிருந்து 14 வயது வரைதான் பேசுகிறது. எல்.கே.ஜி., யு.கே.ஜி.க்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "இந்த வயசுல எங்க வீட்டுப் பிள்ளை ஏ.பி.சி.டி. தலைகீழா சொல்லுவான்" என்று ஒரு குத்தல். அதை விடுங்கள்.

எழுத்து, எண், பாட்டு எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது. ராத்திரி பாத்திரம் தேய்த்துக்கொண்டே மகள் மெதுவாகச் சொன்னாள்: "மத்ததெல்லாம் சமாளிச்சுடுவேம்மா. சயின்ஸை நினைச்சாத்தான் பயமா இருக்கு. எனக்கே பத்தாங்கிளாஸ்ல முக்கி முனகி 38 மார்க். அவ கேட்கிற கேள்விக்கெல்லாம் நான் எங்கே போவேன்? என்னோட பயம் அவளுக்கும் ஒட்டிக்கிட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்த 38 மார்க்குக்குப் பின்னால் நானும் இருந்தேன். சின்ன வயசில் அவள் ஏதாவது கேட்டால், "போய் அப்பாவைக் கேளு, எனக்கு அடுப்பிலே வேலை இருக்கு" என்று எத்தனை தடவை துரத்தியிருப்பேன்!

அவளிடம் புத்தகம் இல்லாமலும் இல்லை. தலையணை கனத்தில் ஒரு கலைக்களஞ்சியம் அலமாரியில் இருந்தது. போன பிறந்த நாளுக்கு ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து நான்தான் வாங்கிக் கொடுத்தேன். வழவழ காகிதம், பக்கத்துக்கு நாற்பது படம். அன்று அதை எடுத்துப் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். எரிமலை, அதற்குக் கீழே நிலநடுக்கம், ஓரத்தில் ஒரு கட்டத்துக்குள் வைரம். மூன்றாவது வரியில் எனக்கே கொட்டாவி. குழந்தை நைசாக எழுந்து போய்ச் சுவரோரம் உட்கார்ந்து எறும்பு வரிசையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அங்கிருந்தே கேட்டாள்: "அம்மாச்சி, எறும்புக்கு மூக்கு எங்கே?"

கலைக்களஞ்சியம் மேல் குற்றம் இல்லை. பத்து வயசுப் பிள்ளை தானே புரட்டிப் பார்க்க அது நல்ல புத்தகம். அம்மா வாயால் படித்து, குழந்தை காதால் கேட்பதற்கு அது ஏற்பட்டதல்ல.

மறுநாளிலிருந்து நானும் மகளும் சேர்ந்து இருக்கிற புத்தகங்களைச் சலித்து எடுத்தோம். புதிதாகச் சிலவற்றையும் தேடினோம். அந்த மூன்று வாரத்தில் பட்ட அனுபவத்தைத்தான் இங்கே சொல்கிறேன்.

வாய் விட்டுப் படித்துப் பாருங்கள்

புடவை எடுக்கும்போது முந்தானையை விரித்துப் பார்க்காமல் வாங்குவோமா? அப்படித்தான் இதுவும். கடையில் அட்டையைப் பார்த்து மயங்காமல், நடுப்பக்கத்தைத் திறந்து மெல்லிய குரலில் இரண்டு வரி படியுங்கள். கடைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். ஒரு மூச்சில் ஒரு வாக்கியம் முடிய வேண்டும். நடுவில் மூச்சு முட்டினால், "இதனால் ஏற்படுகின்ற விளைவுகளின் காரணமாக" என்று நாக்கு இடறினால், அந்தப் புத்தகத்தை அங்கேயே வைத்துவிடலாம். வேறு பாஷையிலிருந்து அவசரமாகத் தமிழாக்கிய புத்தகங்களில் இந்தத் தொல்லை ரொம்ப அதிகம்.

அடுத்தது, ஒரு புத்தகம் ஒரு விஷயத்தைத்தான் சொல்ல வேண்டும். எறும்பு என்றால் எறும்பு, மழை என்றால் மழை. பதினாறு பக்கம், இருபத்து நாலு பக்கம், பக்கத்துக்கு நாலைந்து வரி. இந்த வயசுக்கு அது தாராளம். பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் குழந்தை உட்காராது. உட்கார வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவும் கூடாது.

இங்கே நம் தமிழுக்கே உரிய ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். புத்தகத்தில் "எறும்புகள் வரிசையாகச் செல்கின்றன" என்று இருக்கும். வீட்டில் யாராவது அப்படிப் பேசுகிறோமா? "எறும்பெல்லாம் வரிசையா போகுது பாரு" என்றால்தான் குழந்தையின் முகம் மலர்கிறது. அப்படி மாற்றிப் படித்தால் எழுத்துத் தமிழ் எப்போது பழகும் என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். நாங்கள் கண்ட வழி இது. முதல் தடவை பேசுகிற மாதிரியே சொல்லிவிடுவது. எப்படியும் மறுநாளும் அதே புத்தகத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருவாள். மூன்றாவது, நாலாவது தடவை அச்சில் இருப்பதை அப்படியே வாசிப்பது. விஷயம் தெரிந்த பிறகு "செல்கின்றன" குழந்தையை மிரட்டுவதில்லை. ஒரு நாள் பொம்மைகளை வரிசையாக அடுக்கிவிட்டு, "பொம்மைகள் செல்கின்றன" என்றாளே பார்க்க வேண்டும்!

பெரிய வார்த்தை வந்துவிட்டதே என்று தவிர்க்கவும் வேண்டாம். பக்கத்துக்கு ஒன்று இருக்கலாம். மகரந்தம், கூட்டுப்புழு, உணர்கொம்பு போன்ற வார்த்தைகள் குழந்தைகளுக்கு மிட்டாய் மாதிரி. டைனோசர் பெயர்களை நாக்குச் சுளுக்காமல் சொல்கிற பிள்ளைக்கு மகரந்தம் ஒரு பாரமா? பக்கத்துக்கு ஐந்து வந்தால்தான் ஆபத்து.

பல்லியால் வந்த வினை

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எங்கோ பத்துப் புத்தகம் ஒரே உறையில் போட்டு மலிவாகக் கிடைத்தது என்று மாப்பிள்ளை வாங்கி வந்திருந்தார். அதில் ஒன்று வீட்டுப் பிராணிகள் பற்றி. பல்லிப் பக்கத்தில் கோரைப் பல்லோடு ஒரு படம், "பல்லி விஷ ஜந்து" என்று ஒரு வரி. அதைப் படித்த நாளிலிருந்து பேத்தி ராத்திரியில் குளியலறைப் பக்கம் போக மாட்டேன் என்றாளாம். அடக்கி அடக்கி வைத்திருந்து படுக்கையை நனைத்துவிடுவாள். "ஏன்டி இப்படிப் பண்றே" என்று இரண்டு நாள் அடியும் வாங்கியிருக்கிறாள். காரணம் அந்த ஒரு வரி என்பது பெற்றவளுக்குத் தெரியவே பதினைந்து நாள் ஆயிற்று.

நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லிக்கு விஷம் கிடையாது. சாப்பாட்டில் விழுந்தால் அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். அதன் உடம்பிலும் எச்சத்திலும் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். ஆனால் பல்லி கடித்து விஷம் ஏறுவது என்பதெல்லாம் கட்டுக்கதை.

இதை வாயால் சொன்னால் குழந்தை நம்பவில்லை. "புத்தகத்துல போட்டிருக்கே" என்றாள். பாருங்கள், அச்சில் வந்ததற்கு எத்தனை மதிப்பு! அந்த மதிப்பினால்தான் நாம் இத்தனை ஜாக்கிரதையாகப் பொறுக்க வேண்டியிருக்கிறது.

அன்று ராத்திரி கூடத்து டியூப்லைட்டுக்குக் கீழே மூன்று பேரும் பாயைப் போட்டுப் படுத்தோம். லைட்டைச் சுற்றி வந்த பூச்சிகளை ஒரு பல்லி பதுங்கிப் பதுங்கிப் பிடித்துத் தின்றது. நடுவில் நாக்கை நீட்டித் தன் கண்ணையே நக்கிக்கொண்டது. அதற்கு மூடித் திறக்கிற இமை இல்லை. தூசியை நாக்கால்தான் துடைத்துக்கொள்ள வேண்டும். உட்கூரையில் தலைகீழாக ஓடினாலும் அது விழாததற்குப் பசை காரணமல்ல. விரல்களின் அடியில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. அவை சுவரோடு அத்தனை நெருங்கி ஒட்டுவதால் ஒரு பிடிப்பு உண்டாகிறது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மத்தியானம் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். அறுபத்து மூன்று வயசில்!

அப்புறம் அந்த மலிவுப் புத்தகத்தை எடுத்து, பென்சிலால் அந்த வரியை மூவருமாக அடித்தோம். "புத்தகம்கூடத் தப்புப் பண்ணுமா?" என்று கேட்டாள். "பண்ணும். அதான் நாம போய்ப் பார்க்கிறோம்" என்றாள் என் மகள். அவள் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது. ராத்திரி பயம் நாலைந்து நாளில் தெளிந்தது.

படத்தையும் எண்ணிப் பாருங்கள்

பிறகு எல்லாப் புத்தகத்தையும் கொஞ்சம் சந்தேகக் கண்ணோடு பார்த்தோம். எத்தனை கூத்து! சிலந்திக்கு ஆறு கால் போட்டிருந்தது ஒரு புத்தகம். சிலந்திக்கு எட்டு, எறும்புக்கு ஆறு. அந்த ஆறும் எறும்பின் நடு உடம்பிலிருந்துதான் கிளம்ப வேண்டும். இன்னொன்றில் பனிக்கரடியும் பெங்குவினும் கைகோத்து நடக்கின்றன. கரடி வடதுருவத்துப் பக்கம், பெங்குவின் பூமியின் தென்பாதி. நேரில் சந்திக்கவே சந்திக்காத ஜோடி. ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் என்று ஒன்று. திமிலில் இருப்பது கொழுப்பு.

சூரியன் தூங்கப் போனதும் நிலா வேலைக்கு வரும் என்று அழகான கதை ஒன்று இருந்தது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. பௌர்ணமி கழிந்த நாலாம் நாள் காலை எட்டு மணிக்கு மேற்கே வெள்ளையாக நிலா நின்றது. "ஏன் இது இன்னும் வீட்டுக்குப் போகலை?" என்றாள் பேத்தி. புத்தகம் சொல்லாததை வானம் சொல்லிவிட்டது.

பிராணிகள் பேசுகிற கதைகளே கூடாது என்று சில படித்த அம்மாக்கள் சொல்கிறார்கள். நான் அவ்வளவு கண்டிப்பு இல்லை. எறும்பு பாவாடை கட்டிக்கொள்வதில் எனக்குச் சண்டை கிடையாது. கதையில் அது செய்கிற வேலை மட்டும் நிஜ எறும்பு செய்வதாக இருக்க வேண்டும். ஆனால் ஒன்று. நம் கதைகளில் சுறுசுறுப்பாக வேலை செய்வதெல்லாம் "எறும்பு அண்ணன்", "தேனீ மாமா"! புற்றில் வேலை செய்கிற எறும்பு அத்தனையும் பெண். தேன் சேகரிக்கிற தேனீ அத்தனையும் பெண். ரத்தம் குடிக்கிற கொசுவும் பெண்தான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் எரிக் கார்ல் என்பவர் 1969இல் வெளியிட்ட பசிக்காரப் புழுவின் கதை உலகம் பூராவும் பிரசித்தம். பேத்திக்கும் உயிர். அதில் புழு தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு வண்ணத்துப்பூச்சியாக வருகிறது. நிஜத்தில் அப்படி இழையால் கூடு கட்டுவது நம் பட்டுப்புழு மாதிரி அந்துப்பூச்சி ஜாதி. வண்ணத்துப்பூச்சியின் புழு தோலை உரித்துவிட்டு, ஓடு மாதிரி மூடிய கூட்டுப்புழுவாகத் தொங்கும். அதற்காக அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறிவேனா? புழு கேக்கும் ஐஸ்கிரீமும் தின்பதைப் பார்த்துக் குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கிறது. அதை முதலில் படித்துவிட்டு, கொல்லையில் கறிவேப்பிலைச் செடியைக் காட்டினோம். இலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு குட்டிப் புழு. நாளாக நாளாகப் பச்சையாயிற்று. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடுகிறது! எந்தப் புத்தகத்திலும் மூக்குக்கு வேலை கொடுக்கிற பக்கம் இல்லையே.

ஆகவே வாசலிலோ கொல்லையிலோ போய்ப் பார்க்க முடிகிற விஷயமாக முதல் பத்துப் புத்தகத்தையாவது வாங்குங்கள். காக்கை, அணில், மண்புழு, மழை, நிழல், விதை. வெளிநாட்டுப் புத்தகங்களில் இலை சிவந்து உதிரும், பனி கொட்டும், பிறகு வசந்தம் வரும். நம் குழந்தைக்குத் தெரிந்தது ஐப்பசி அடைமழையும் சித்திரை வெயிலும். அந்தப் புத்தகங்கள் இரண்டாவது அலமாரிக்கு இருக்கட்டும். விதை புத்தகம் படிக்கிற அன்றைக்கே நாலு பச்சைப்பயறை ஈரப் பஞ்சில் வைத்தால், இரண்டே நாளில் அடுத்த பக்கம் தானாகத் திறந்துகொள்கிறது.

பழைய புத்தகம் மலிவாகக் கிடைத்தால் எந்த வருஷத்து அச்சு என்று பாருங்கள். பறவை, செடி பற்றியது என்றால் வருஷம் அத்தனை முக்கியமில்லை. வானம் பற்றியது என்றால் கவனம் தேவை. புளூட்டோவை 2006இல் கோள் வரிசையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இப்போது கோள்கள் எட்டுதான். வியாழனுக்கு நிலா பன்னிரண்டு என்று நான் படித்தேன். இப்போது 90க்கும் மேல் கண்டுபிடித்தாயிற்று. நம் சந்திரயான்-3 நிலாவின் தென்துருவப் பக்கம் இறங்கியது 2023 ஆகஸ்ட் 23இல். பழைய புத்தகத்தின் ஓரத்தில் அதை நீங்களே எழுதி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பட்டனை அழுத்தினால் சத்தம் வருகிற புத்தகங்களில் சட்டைப் பித்தான் அளவு பேட்டரி இருக்கும். குழந்தை விழுங்கிவிட்டால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொத்துவிடும். மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சோதனைப் புத்தகங்களோடு வருகிற சின்னச் சின்னக் காந்த உருண்டைகளும் அப்படித்தான். இரண்டு விழுங்கினால் குடலில் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும்.

எங்கே கிடைக்கும்?

1957இல் ஏற்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட், நேருவின் பெயரில் ஒரு குழந்தை நூல் வரிசை போடுகிறது. ஒல்லியான புத்தகங்கள், கையைக் கடிக்காத விலை. ஜமால் ஆரா என்ற பெண்மணி எழுதிய பறவை பார்க்கும் புத்தகம் 1970இல் இந்த வரிசையில் வந்ததுதான். ஐந்து வயசுக்குக் கொஞ்சம் பெரிசு. அம்மா படித்துவிட்டுச் சொல்லலாம். சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா, தமிழிலும் இரண்டு மொழி சேர்ந்தும் படப் புத்தகம் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் ஆரம்பித்த ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் இலவசம். நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் இரண்டு படிதான் இந்த வயசுக்கு. ஆனால் போனைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். நீங்கள் முதலில் படித்துப் பார்த்து, எது தேறுகிறது என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், மொழிபெயர்க்கலாம் என்பதால் உமியும் கலந்திருக்கும்.

சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூலகத்திலும், மதுரைக்காரர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. வாங்குவதற்கு முன் அங்கே உட்கார்ந்து நாலு புத்தகம் படித்துக் காட்டிவிட்டால், எதைக் குழந்தை மறுபடி எடுக்கிறது என்று தெரிந்துவிடும்.

படித்து முடித்ததும் "என்ன படிச்சோம், சொல்லு பார்ப்போம்" என்று மட்டும் கேட்காதீர்கள். மகள் முதலில் அப்படித்தான் கேட்டாள். குழந்தை புத்தகத்தைக் கண்டாலே நழுவ ஆரம்பித்தாள். தெரியாத கேள்வி வந்தால் கூச்சப்படவும் வேண்டாம். பெ.நா. அப்புஸ்வாமி (1891-1986) தொழிலால் வக்கீல். ஆயுள் பூராவும் விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதிக் குவித்தவர் அவர். அவரைப் பற்றிச் சொன்னதும் மகள், "அப்போ என் 38க்கும் வழி உண்டு" என்று சிரித்தாள்.

எறும்புக்கு மூக்கு கிடையாது. உணர்கொம்பால்தான் முகர்கிறது. ஒரு எறும்பு தரையில் இட்டுச் செல்லும் வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவை வருகின்றன. வாசலில் அரிசிமாக் கோலத்துக்கு வந்த வரிசையின் குறுக்கே பேத்தி விரலால் ஒரு தடவை அழுத்தித் தேய்த்தாள். அந்த இடத்தில் வந்ததும் எல்லாம் தடுமாறி, அங்குமிங்கும் ஓடி, கொஞ்ச நேரத்தில் பழையபடி சேர்ந்துகொண்டன. அதை எத்தனை காலை பார்த்தோமோ!

நான் ஊருக்குக் கிளம்பும் முதல் நாள், சுவர்க் கடிகாரத்தைத் துடைக்கக் கழற்றிய மகள் கூப்பிட்டாள். அதன் பின்னால் வெள்ளையாக, புளியங்கொட்டையைவிடச் சின்னதாக இரண்டு பல்லி முட்டை. பேத்தி ஓடி வந்தாள். "எப்போம்மா குட்டி வரும்?"

மகள் என்னைப் பார்க்கவில்லை. "எனக்கும் தெரியலையே. எண்ணிப் பார்க்கலாமா?" என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தை மெதுவாகப் பழைய இடத்திலேயே மாட்டினாள். காலண்டரில் அன்றைய தேதியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள்.

நேற்று போன் வந்தது. எடுத்ததும் எடுக்காததுமாக ஒரே கூச்சல்: "அம்மாச்சி, ஒண்ணு வந்துடுச்சு! இன்னொண்ணு பாக்கி!"